எம்.எஸ். உள்ளவர்களுக்கு வரும் மறதியும் யோசனை மந்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்காவுக்கு மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., இருப்பது தெரிந்து 11 வருடம் ஆகிறது. கால் மரத்துப்போவது, பார்வை மங்குவது, நடை தடுமாறுவது பற்றியெல்லாம் ஆரம்பத்திலேயே எங்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். யோசிப்பதில் வரும் சிரமத்தைப் பற்றி முதல் 4 வருடம் யாரும் வாய் திறக்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. தனக்குப் புத்தி கலங்குகிறது என்று பயந்து மறைத்து வைத்திருந்தாள். இன்னொருவர் அப்படி ஒரு பயத்தைத் தனியாகச் சுமக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எம்.எஸ். உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. நான் மருத்துவர் இல்லை. மருந்து சம்பந்தப்பட்ட எந்த முடிவையும் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் பேசிவிட்டே எடுங்கள்.

எம்.எஸ். கை கால் சம்பந்தப்பட்ட நோய்தானே? இதில் மறதி எங்கிருந்து வந்தது?

அறிகுறி கை காலில் தெரிகிறது, அவ்வளவுதான். நோய் இருப்பது மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே, நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்புறையைத் தாக்குகிறது. உறை சரியாக இருக்கும் நரம்பில் செய்தி தாவித் தாவி ஓடும். உறை சிதைந்த இடத்தில் அது ஊர்ந்து போகும், சில சமயம் நின்றே போகும். சிதைந்த இடம் காலுக்குப் போகும் பாதையில் இருந்தால் நடை தடுமாறும். மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் பாதையில் இருந்தால் யோசனை தடுமாறும்.

அதோடு முடியவில்லை. மூளையின் மேலடுக்கிலும் தழும்புகள் விழுகின்றன. வழக்கமாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அவற்றில் பெரும்பாலானவை தெரிவதில்லை. மூளையின் நடுவில், செய்திகள் வந்து பிரிந்து போகும் சந்திப்பு மாதிரி இருக்கும் தலாமஸ் என்ற பகுதி நோயின் ஆரம்பத்திலேயே சுருங்கத் தொடங்கலாம். "ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லை, ஆனால் இவருக்கு யோசனை ஓடவில்லை" என்று வீட்டார் குழம்புவதற்கு இது ஒரு காரணம். ஸ்கேன் பொய் சொல்லவில்லை, அதன் கண்ணுக்கு எட்டாதது நிறைய இருக்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. பாரிஸில் சல்பேத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான்-மார்த்தன் ஷார்கோ 1868-இல் இந்த நோயைத் தெளிவாக வரையறுத்தார். அப்போதே நோயாளிகளின் ஞாபகம் தளர்வதையும் எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் குறித்து வைத்திருக்கிறார். அப்புறம் வந்தவர்கள் நடையை அளந்தார்கள், பார்வையை அளந்தார்கள், இதை மட்டும் நூறு வருடத்துக்கு மேல் ஓரமாக வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் நோயின் கடுமையைக் குறிக்கப் பயன்படும் இ.டி.எஸ்.எஸ். என்ற 0 முதல் 10 வரையிலான அளவுகோல் பெரும்பாலும் நடையை வைத்தே எண் போடுகிறது. நன்றாக நடக்கிறவர், யோசனையில் எவ்வளவு சிரமப்பட்டாலும் அந்த எண்ணில் "லேசான நோய்" உள்ளவராகத்தான் தெரிவார்.

எத்தனை பேருக்கு இது வரும்?

100 பேரில் ஏறக்குறைய 40 முதல் 65 பேர் வரை. மருத்துவமனைக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணினால் கூடுதலாகத் தெரியும். அமெரிக்காவில் ஸ்டீபன் ராவ் குழுவினர் 1991-இல், மருத்துவமனைக்கு வெளியே சமூகத்தில் வாழும் எம்.எஸ். உள்ளவர்களைச் சோதித்தபோது 43 சதவீதம் வந்தது. விட்டு விட்டு வரும் வகையைவிட, படிப்படியாகக் கூடிக்கொண்டே போகும் வகையில் இது அதிகம். ஆனால் எந்த வகையிலும், எந்தக் கட்டத்திலும் வரலாம். வேறு எதற்காகவோ ஸ்கேன் எடுத்து, ஒரு அறிகுறியும் இல்லாமல் தழும்பு மட்டும் தெரிந்தவர்களிடம்கூட இது காணப்பட்டிருக்கிறது.

என்ன மாதிரி சிரமம் வரும்?

முதலில் அடிபடுவது வேகம். கேட்டதை, பார்த்ததை மூளை வாங்கிப் புரிந்துகொண்டு பதில் தயாரிக்கும் வேகம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஒருவர் பயணத் தேதியைப் பற்றிக் கேட்டார், அதற்குள் இன்னொருவர் ஏதோ சொல்லிச் சிரித்தார், பேச்சு வீட்டு வாடகைக்குத் தாவியது. அக்கா வாயைத் திறந்து மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து, "பன்னிரண்டாம் தேதி போனால் கூட்டம் இருக்காது" என்றாள். யாருக்கும் புரியவில்லை. எந்தப் பன்னிரண்டாம் தேதி என்று கேட்டார்கள். அவள் சொன்ன பதில் சரியான பதில். கேள்வி போய் ரொம்ப நேரம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நாலு பேர் கூடும் இடத்தில் அவள் பேசுவதே குறைந்துபோனது. "அவள் ஒதுங்கிப் போகிறாள், கோபமாக இருக்கிறாள்" என்று நாங்களே பேசிக்கொண்டோம். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

அடுத்தது ஞாபகம், அதிலும் புதிதாகக் கற்பது. இதில் ஒரு விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். எம்.எஸ். உள்ளவர்களுக்குப் பெரும்பாலும், உள்ளே போனது அழிந்துபோவதில்லை. முதல் தடவையிலேயே சரியாக உள்ளே போகாததுதான் பிரச்சினை. ஒரு பட்டியலை மற்றவர்கள் 3 தடவையில் கற்றால் இவர்களுக்கு 6 தடவை தேவைப்படலாம். அந்தக் கூடுதல் தடவைகளைக் கொடுத்துவிட்டால், அரை மணி நேரம் கழித்துக் கேட்டாலும் ஏறக்குறைய மற்றவர்கள் அளவுக்கே சொல்லிவிடுகிறார்கள். "எத்தனை தடவை சொன்னாலும் மறந்துவிடுகிறார்" என்று அலுத்துக்கொள்கிறோமே, உண்மையில் நாம் போதுமான தடவை சொல்லியிருக்க மாட்டோம்.

மூன்றாவது, திட்டமிடுவதும் ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கவனிப்பதும். அடுப்பில் ஒன்று, கையில் போன், வாசலில் மணி என்றால் ஏதாவது ஒன்று நழுவிவிடும். நடந்துகொண்டே பேசும்போது நடை தளர்வதும் இதன் ஒரு முகம்தான். அப்புறம், தெரிந்த சொல்லே நாக்கு நுனியில் வந்து நின்றுகொண்டு வராமல் படுத்தும். சிலருக்குப் படம், வரைபடம், இடத்தின் அமைப்பு போன்றவை பிடிபடாது.

எது பெரும்பாலும் கெடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மொழியைப் புரிந்துகொள்வது, பொது அறிவு, பழைய நினைவுகள், பல வருடம் செய்து பழகிய தொழில் நுணுக்கம் எல்லாம் பெரும்பாலானவர்களுக்கு அப்படியே இருக்கும்.

அப்படியானால் இது அல்சைமர் மாதிரியா? ஒரு நாள் என்னையே அடையாளம் தெரியாமல் போய்விடுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் குரல் இறங்கிவிடும். அக்காவும் இப்படித்தான் கேட்டாள்.

இல்லை, இது வேறு. அல்சைமரில் புதிய நினைவுகள் பதியும் இடமே அழிகிறது. துப்பு கொடுத்தாலும் ஞாபகம் வராது, போகப்போக மொழியும் ஆட்களை அடையாளம் காண்பதும் போகும். எம்.எஸ்.-இல் பெரும்பாலானவர்களுக்கு வருவது லேசானது முதல் நடுத்தரமானது வரையிலான சிரமம். துப்பு கொடுத்தால், நேரம் கொடுத்தால் வந்துவிடும். அன்றாட வாழ்க்கையைத் தனியாக நடத்தவே முடியாத அளவுக்குக் கடுமையாக ஆவது குறைந்த பேருக்குத்தான், அதுவும் பெரும்பாலும் நோய் ரொம்ப முற்றிய நிலையில்.

எல்லோருக்கும் மறதி இருக்கிறதே. எப்போது மருத்துவரிடம் சொல்ல வேண்டும்?

கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் உண்டு. முன்பு சுலபமாகச் செய்த வேலை இப்போது கஷ்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்களை மற்றவரோடு ஒப்பிட வேண்டாம், உங்களையே 2 வருடத்துக்கு முந்தைய உங்களோடு ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் படித்துவிட்டுத் திரும்ப முதல் வரிக்குப் போகிறீர்களா? சில்லறையைச் சரிபார்க்க நேரம் பிடிக்கிறதா? பார்த்துக்கொண்டிருக்கும் தொடரின் கதை பிடி நழுவுகிறதா? வேலையில் தவறு கூடுகிறதா? இதில் ஒன்று தொடர்ந்து நடந்தாலும் சொல்லிவிடுங்கள். "சின்ன விஷயம்தானே" என்று தள்ளிப்போடாதீர்கள்.

பரிசோதனை எப்படி இருக்கும்? பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றும் இல்லை. ஊசி இல்லை, இயந்திரம் இல்லை, ஒரு காகிதம்தான்.

அதிகம் பயன்படுவது எஸ்.டி.எம்.டி. என்ற சோதனை. காகிதத்தின் மேலே 9 குறிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் கீழே 1 முதல் 9 வரை ஒரு எண். அதற்குக் கீழே வரிசை வரிசையாக அதே குறிகள் கலைத்துப் போடப்பட்டு, எண் இருக்க வேண்டிய கட்டங்கள் காலியாக இருக்கும். மேலே பார்த்து, எந்தக் குறிக்கு எந்த எண் என்று வாயால் சொல்லிக்கொண்டே போக வேண்டும். கையால் எழுதச் சொன்னால் கை பலவீனம் குறுக்கே வரும் என்பதால் எம்.எஸ். உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் வாய்வழியாகத்தான் வைக்கிறார்கள். 90 விநாடி. எத்தனை சரி என்று எண்ணுவார்கள், அவ்வளவுதான்.

அக்கா முதல் தடவை செய்தபோது நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் விரல் கீழே இருக்கும் குறியைத் தொடும், கண் மேலே போகும், எண்ணைப் பிடிக்கும், திரும்ப இறங்கும்போது எந்தக் கட்டத்தில் இருந்தோம் என்று தேடும். ஒவ்வொரு எண்ணும் சரியாகவே இருந்தது. ஒரு தவறுகூட இல்லை. நேரம்தான் போய்க்கொண்டே இருந்தது. அவளுடைய சிரமம் என்னவென்று 4 வருடத்தில் புரியாதது எனக்கு அந்த ஒன்றரை நிமிடத்தில் புரிந்தது.

இதோடு இன்னும் இரண்டைச் சேர்த்து பைகேம்ஸ் என்ற 15 நிமிடச் சோதனை 2012 முதல் இருக்கிறது. ஒன்றில் 16 சொற்களை வாசித்துக் காட்டித் திரும்பச் சொல்லச் சொல்வார்கள், 5 தடவை. இன்னொன்றில் 6 உருவங்களை 10 விநாடி காட்டிவிட்டு வரையச் சொல்வார்கள், 3 தடவை. இதில் குறை தெரிந்தால், அல்லது வேலை சம்பந்தமாக விரிவான அறிக்கை தேவைப்பட்டால், நரம்பு-உளவியல் நிபுணர் செய்யும் நீண்ட சோதனைக்கு அனுப்புவார்கள்.

அமெரிக்காவின் தேசிய எம்.எஸ். சங்கம் முன்னின்று தயாரித்து 2018-இல் வெளியான பரிந்துரையில், நோய் தெரிந்த ஆரம்பத்திலேயே ஒரு சோதனை செய்து வைத்துக்கொண்டு பிறகு வருடத்துக்கு ஒரு தடவை திரும்பச் செய்ய வேண்டும், 8 வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகளுக்கும் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். நன்றாக இருக்கும்போது எடுத்த எண் கையில் இருந்தால்தான் பின்னால் இறக்கத்தைப் பார்க்க முடியும். எஸ்.டி.எம்.டி.-இல் 4 புள்ளி இறங்கினாலே கவனிக்க வேண்டிய மாற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் நன்றாக இருக்கிறேன் என்கிறார் அவர். வீட்டில் நாங்களோ, "அப்படி இல்லை" என்கிறோம். யார் சொல்வது சரி?

சில சமயம் நீங்கள், சில சமயம் அவர். இதற்கென்றே 15 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. நோயாளிக்கு ஒன்று, கூட இருப்பவருக்கு ஒன்று. கூட இருப்பவர் சொல்வது சோதனை முடிவோடு அதிகம் ஒத்துப்போகிறது, நோயாளி சொல்வது அவருடைய மனச்சோர்வோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அதாவது மனம் சோர்ந்திருப்பவர் இருப்பதைவிட மோசமாகச் சொல்லலாம். சிரமம் அதிகமாக உள்ள சிலருக்கோ அந்தச் சிரமமே தெரியாமல் போகலாம். அதனால் வாக்குவாதம் செய்வதைவிட இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அவருடைய முதுகுக்குப் பின்னால் மருத்துவரிடம் சொல்லாதீர்கள். அது தெரியவரும்போது உண்டாகும் காயம் சீக்கிரம் ஆறாது.

எனக்கு வருவது எம்.எஸ். மறதியா, இல்லை மனச்சோர்வா, களைப்பா?

பெரும்பாலும் எல்லாம் கலந்துதான் இருக்கும். எம்.எஸ். உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது மனச்சோர்வு வருகிறது. களைப்பு இன்னும் அதிகம். இரண்டுமே யோசனையை மந்தமாக்கும், இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. தூக்கத்தில் மூச்சுத் தடை, இரவில் பல தடவை சிறுநீருக்கு எழுந்திருப்பது, வலி, பி12 குறைவு, தைராய்டு எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். சரிசெய்யக்கூடியதை விட்டுவிட்டு "எம்.எஸ்.தான், என்ன செய்வது" என்று உட்கார்ந்துவிடக் கூடாது.

மருந்துகளையும் பாருங்கள். அக்காவின் எஸ்.டி.எம்.டி. எண் ஒரு வருடம் 41, அடுத்த வருடம் 40, அதற்கு அடுத்த வருடம் 34. ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை. மருத்துவர் மருந்துப் பட்டியலை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். நடுவில், அடிக்கடி சிறுநீர் போவதைக் குறைக்க ஆக்ஸிபியூட்டினின் சேர்த்திருந்தார்கள். நரம்புகள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை அது தடுக்கும். சிறுநீர்ப்பைக்கு அது உதவி, ஞாபகத்துக்கு அதுவே இடைஞ்சல். அதை நிறுத்தி மிராபெக்ரான் என்ற வேறு வகை மருந்துக்கு மாற்றினார்கள். சில மாதத்தில் 39 வந்தது. எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தசை இறுக்கத்துக்கும் வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் பல மருந்துகள் மந்தத்தை உண்டாக்கக்கூடியவை. முழுப் பட்டியலையும் ஒருவர் மொத்தமாகப் பார்ப்பது அவசியம். நீங்களாகவே எதையும் நிறுத்திவிடாதீர்கள், தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பேக்லோஃபென் போன்ற சிலவற்றைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

கஞ்சாவைப் பற்றியும் கேட்கிறார்கள். வலிக்கும் தசை இறுக்கத்துக்கும் சிலர் பயன்படுத்துகிறார்கள். தொடர்ந்து பயன்படுத்தும் எம்.எஸ். நோயாளிகளின் யோசனைத் திறன் இன்னும் குறைந்திருப்பதும், நிறுத்திய 4 வாரத்தில் முன்னேறியதும் கனடாவில் நடந்த ஆய்வில் தெரிந்தது.

ஒரு நாள் நன்றாக இருக்கிறேன், ஒரு நாள் மூளையே ஓடவில்லை. ஏன்?

உடல் சூடுதான் பெரும்பாலும் காரணம். உறை சிதைந்த நரம்பு, அரை டிகிரி சூடு ஏறினாலே செய்தியைக் கடத்தத் திணறும். ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் 1890-இல் இதைப் பார்வையில் கவனித்து எழுதினார். யோசனைக்கும் இது பொருந்தும். வெயில், காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, தூக்கமில்லாத இரவு எதுவும் அந்த நாளைக் கெடுத்துவிடும். உடல் குளிர்ந்ததும் பழைய நிலை திரும்பும், புதிய சேதம் ஒன்றும் ஆகியிருக்காது.

ஆனால் காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், சில நாட்களுக்குள் யோசனை சட்டென்று இறங்கி அப்படியே நின்றால், அது நோய் திரும்பத் தாக்குவதாக இருக்கலாம். கை கால் நன்றாக இருக்க யோசனையை மட்டும் பாதிக்கும் தாக்குதலும் உண்டு. காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இதற்கு மாத்திரை இருக்கிறதா?

யோசனை மந்தத்துக்கென்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்று இல்லை. அல்சைமருக்குக் கொடுக்கும் டொனெப்பெசில் 2004-இல் ஒரு சிறிய ஆய்வில் நம்பிக்கை தந்தது. பல மையங்களில் பெரிதாகச் செய்து 2011-இல் வெளியானபோது பலன் தெரியவில்லை. அல்சைமருக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான மெமன்டைனும் கைகொடுக்கவில்லை. ஞாபக சக்திக்கு என்று விற்கப்படும் சத்து மாத்திரைகளில் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

எம்.எஸ். நோயையே கட்டுப்படுத்தும் மருந்துகளை ஒழுங்காக எடுப்பது முக்கியம். புதிய சேதம் குறைந்தால் யோசனைக்கும் அது காப்பு. போனதை அந்த மருந்துகள் பெரிதாகத் திருப்பித் தராது, ஆனால் இருப்பதைக் காப்பாற்ற உதவும். புகை பிடிப்பவர் விட வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

பயிற்சி செய்தால் திரும்ப வருமா?

பயிற்சி உதவும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, ஆனால் எந்தப் பயிற்சி என்பது முக்கியம். அமெரிக்காவில் நான்சி சியாரவலோட்டி குழுவினர் 86 பேரிடம் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 5 வாரத்தில் 10 அமர்வுகள் நடத்தினார்கள். கற்க வேண்டியதைக் கதையாக்கி, மனக்கண்ணில் படமாகப் பார்க்கப் பழக்கும் முறை அது. அந்தப் பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட நன்றாகக் கற்றார்கள். இதை வீட்டிலும் செய்து பார்க்கலாம். வங்கி, மருந்து, தையல்காரர் என்று மூன்று வேலை இருந்தால், வங்கி வாசலில் தையல்காரர் உட்கார்ந்து மாத்திரைப் பட்டையைத் தைத்துக்கொண்டிருப்பதாக நினைத்துப் பாருங்கள். எவ்வளவு விசித்திரமோ அவ்வளவு நல்லது.

போனில் விளையாடும் புதிர்கள் அந்தப் புதிரில் கெட்டிக்காரர் ஆக்கும். அன்றாட வாழ்க்கைக்கு எவ்வளவு வந்து சேரும் என்பதுதான் கேள்வி. பிடித்திருந்தால் விளையாடுங்கள், தண்டனையாகச் செய்யாதீர்கள்.

உடற்பயிற்சி பற்றி ஒரு நேர்மையான தகவல்: நோய் கூடிக்கொண்டே போகும் வகையில் உள்ள 311 பேரிடம் செய்து 2023-இல் வெளியான கோக்எக்ஸ் என்ற ஆய்வில், மூளைப் பயிற்சியையும் உடற்பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்கள், ஒன்றை மட்டும் செய்தவர்களைவிடக் கூடுதலாக முன்னேறவில்லை. அதற்காக உடற்பயிற்சியை விட வேண்டாம். நடை, மனநிலை, தூக்கம் எல்லாவற்றுக்கும் அது நல்லது.

படிப்பு, வாசிப்பு, இசை, கைவேலை, நாலு பேரோடு பழக்கம் என்று மூளையைப் பலவிதமாகப் பயன்படுத்தி வாழ்ந்தவர்கள், ஸ்கேனில் அதே அளவு சேதம் இருந்தாலும் யோசனையில் அதிகம் தாக்குப்பிடிக்கிறார்கள். பழைய ஆர்வத்தை விட்டுவிட்டவர்கள் சிறிய அளவிலாவது திரும்பத் தொடங்குங்கள்.

அன்றாடம் என்ன மாற்றிக்கொள்ளலாம்?

எங்களுக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன். கஷ்டமான யோசனை வேலை எல்லாம் காலையில். கணக்கு, படிவம், முக்கியமான போன் பேச்சு எதையும் மதியத்துக்கு மேல் அக்கா தொடுவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலை. பேசும்போது டிவியை நிறுத்திவிடுவோம், குரலைக் குறைப்பது போதாது. எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு நோட்டு. நாலு இடத்தில் எழுதினால் எங்கே எழுதினோம் என்பது மறந்துவிடும். சாவி, கண்ணாடி, போன் மூன்றுக்கும் வாசலருகே ஒரே தட்டு.

அலாரம் வைக்கும்போது "மருந்து" என்று மட்டும் போடாமல் "வெள்ளை மாத்திரை, சாப்பிட்ட பிறகு" என்று முழுதாக எழுதிவைப்பாள். எதையாவது கற்க வேண்டுமானால் ஒரே மூச்சில் 10 தடவை படிக்க மாட்டாள். காலையில் ஒரு தடவை, மதியம் புத்தகத்தை மூடிவிட்டுத் தானே சொல்லிப் பார்ப்பாள், இரவு இன்னொரு தடவை. இடைவெளி விட்டுப் படிப்பதும், பார்க்காமல் சொல்லிப் பார்ப்பதும் எம்.எஸ். உள்ளவர்களுக்கு நன்றாக உதவுகிறது என்பது ஆய்வுகளிலும் வந்திருக்கிறது.

வேலையை விட்டுவிட வேண்டுமா?

அவசரப்பட்டு விடாதீர்கள். எம்.எஸ். உள்ளவர்கள் வேலையை இழப்பதற்கு நடை அளவுக்கே யோசனைச் சிரமமும் காரணமாகிறது. ஆனால் பல பேர் உதவி கேட்பதற்கு முன்பே ராஜினாமா எழுதிவிடுகிறார்கள். முதலில் நீண்ட சோதனை செய்து, எது பலவீனம் எது பலம் என்று எழுத்தில் வாங்குங்கள். அமைதியான இடம், வாய்ச்சொல்லுக்குப் பதில் எழுத்தில் அறிவுறுத்தல், கூட்டத்துக்கு முன்பே விவரம் கையில், நடுவில் ஓய்வு என்று கேட்கக்கூடியவை நிறைய. வேகத்தைவிடச் சரியாகச் செய்வது முக்கியமாக இருக்கும் பொறுப்புக்கு மாற முடியுமா என்றும் பாருங்கள்.

வண்டி ஓட்டலாமா?

ஓட்டுகிறவர்கள் நிறைய பேர். ஆனால் எதிர்வினை வேகம் குறைந்திருந்தால், தெரிந்த வழியில் தடுமாறினால், அடிக்கடி நூலிழையில் தப்பினால், முறையான ஓட்டுத்திறன் சோதனை செய்யும்வரை நிறுத்திவையுங்கள். இதில் சலுகை கூடாது, ஏனென்றால் எதிரே வருகிறவரின் உயிரும் இதில் இருக்கிறது.

பள்ளி செல்லும் பிள்ளைக்கு எம்.எஸ். என்றால்?

சிறு வயதில் எம்.எஸ். வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு யோசனையில் பாதிப்பு தெரிகிறது. மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கெடாத சொல்வளமும் மொழியும்கூட இவர்களுக்குப் பின்தங்கலாம். மதிப்பெண் இறங்கினால் சோம்பல் என்று திட்டுவதற்கு முன்பு சோதனைக்குக் கூட்டிப்போங்கள். தேர்வில் கூடுதல் நேரம் கேளுங்கள். அந்தக் குழந்தைக்கு அது நியாயமாகச் சேர வேண்டியது.

வீட்டில் உள்ளவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். இதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அக்கா சொல்லைத் தேடும்போது நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன், உதவி என்று நினைத்துக்கொண்டு. ஒரு நாள் அவளே, "நீ எடுத்துக் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் நான் தேடிக்கொண்டிருந்தது தொலைந்துபோகிறது" என்றாள். இப்போது மனசுக்குள் பத்து வரை எண்ணுகிறேன். ஏழு எட்டுக்குள் பெரும்பாலும் வந்துவிடுகிறது.

"நேற்றே சொன்னேனே" என்ற வார்த்தையை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். திரும்பச் சொல்லிவிட்டுப் போங்கள். அவருக்குப் பதிலாக மற்றவர்களிடம் நீங்கள் பேசாதீர்கள். நீங்களும் களைத்துப் போவீர்கள், அது குற்றமில்லை. கவனித்துக்கொள்கிறவர் வாரத்தில் ஒரு நாளாவது அந்தப் பொறுப்பை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போக வேண்டும்.

மருத்துவரிடம் இதை எப்படி ஆரம்பிப்பது? உள்ளே போனதும் மறந்துவிடுகிறேன்.

முந்தின நாளே ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உட்கார்ந்ததும், வேறு பேச்சுக்கு முன்னால், அந்தக் காகிதத்தை நீட்டிவிடுங்கள். அக்கா ஒரு தடவை நீட்டியதில் நாலு வரி இருந்தது: "யோசிக்க முன்பைவிட நேரம் ஆகிறது. ஆறு மாதமாக இருக்கிறது. கணக்கு எழுதும்போதும் நாலு பேர் பேசும்போதும் அதிகம். ஒரு தடவை சோதித்துப் பார்க்க முடியுமா?"